தனி வியாபாரமா, பங்குடைமையா, கம்பனியா: கரையோர ஒப்பந்தகாரரின் வரிக் கணக்கு

அம்பாறைக் கரையோரத்தில், மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரையான ஊர்களில், ‘கொந்தராத்து’ என்ற சொல் கட்டட வேலையோடு நின்றுவிடுவதில்லை. வடிகான் கட்டுவது, பாடசாலைக் கூரையை மாற்றுவது, வயரிங், அலுமினிய வேலை, பிறருடைய கட்டடங்களுக்கு அளவுப் பட்டியல் தயாரித்துக் கொடுப்பது, வெளிநாட்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுவது என, மாதச் சம்பளத்துக்கு அமராமல் ஒரு வேலையை முழுதாகப் பொறுப்பேற்று, விலை பேசி, முடித்துக் கொடுத்துப் பணம் பெறுகின்ற எவரும் இவ்வத்தியாயத்தின் பொருளில் ஒப்பந்தகாரரே ஆவார். அவர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு உழைத்தார் என்பதில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அதே உழைப்பை எந்தச் சட்ட உருவில் நின்று செய்தார் என்பதிலும் தங்கியிருக்கிறது.

கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை போன்ற ஊர்களில் இது பற்றிப் பரவியுள்ள கருத்து ஒன்றுதான்: ‘கம்பனி பதிந்தால் வரி குறையும்.’ இக்கருத்து கற்பனையில் பிறந்ததன்று. ஒரு காலத்தில் உண்மையாக இருந்து, சட்டம் மாறிய பின்னும் வாயில் நின்றுவிட்டது. கட்டுமான சேவையிலிருந்து கம்பனிகள் ஈட்டிய இலாபத்துக்கும், சிறிய நடுத்தர முயற்சிகளின் இலாபத்துக்கும் 14 சதவீத வரி வீதம் இருந்த காலம் ஒன்றிருந்தது. 2022 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து அந்தச் சலுகை வீதங்கள் நீக்கப்பட்டு, கம்பனிகளுக்கான பொது வீதம் 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. நாட்டின் பொருளாதார நெருக்கடியோடு சேர்ந்து வந்த இந்த மாற்றம் பெருநிறுவனங்களின் கணக்காளர்களுக்கு உடனே தெரிந்தது. இரண்டு மேசன்களையும் ஒரு கலவை இயந்திரத்தையும் வைத்துத் தொழில் செய்பவருக்கோ இன்னும் சரியாகச் சென்று சேரவில்லை. ஆகவே கம்பனி என்ற பெயர்ப்பலகைக்கு முன் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே முறையாகும்.

மூன்று உருவங்கள்

இலங்கையில் சுயதொழில் ஒப்பந்தகாரர் தெரிந்தெடுக்கக்கூடிய உருவங்கள் நடைமுறையில் மூன்றே. முதலாவது தனி வியாபாரம்: தொழிலும் ஆளும் சட்டப்படி ஒன்றே, தொழிலின் இலாபம் அவருடைய வருமானம், தொழிலின் கடன் அவருடைய கடன். சொந்தப் பெயரிலன்றி வேறொரு பெயரில் தொழில் செய்தால், 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த நடைமுறைப்படி அந்தப் பெயரைப் பதிய வேண்டும்; இதற்குப் பிரதேச செயலகத்தின் வழியாகவே விண்ணப்பிக்கப்படுகிறது. வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் கையில் இருப்பதால் ஒருவர் ‘கம்பனி’ ஆகிவிடுவதில்லை என்பதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது. பற்றுச்சீட்டில் ‘அன் கம்பனி’ என்று அச்சிட்டிருப்பவர்களிலும் பலர் சட்டப்படி தனி வியாபாரிகளே.

இரண்டாவது பங்குடைமை: இருவரோ பலரோ இலாப நோக்கில் கூட்டாக நடத்தும் தொழில். 1890ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டமே இன்றும் இலங்கையில் இதனை ஆளுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். மூன்றாவது, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதியப்படும் மட்டுப்படுத்தப்பட்ட தனியார் கம்பனி. ஒரே ஆளே பங்காளராகவும் பணிப்பாளராகவும் இருந்து இதனைத் தொடங்கலாம். பதிவு இணையவழியாகவே நடைபெறுகிறது. கம்பனி சட்டத்தின் முன் தனியொரு ‘ஆள்’ ஆதலால் அதற்கெனத் தனி வரி இலக்கமும் தனி வரியும் உண்டு.

தமிழ்க் காணொளிகளில் அடிக்கடி சிபாரிசு செய்யப்படும் மட்டுப்படுத்தப்பட்ட பொறுப்புடைய பங்குடைமை என்பது இந்தியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த உருவம். அது இலங்கையில் இல்லை. மொத்த வரவில் குறிப்பிட்ட வீதத்தை இலாபமாகக் கருதி வரி கட்டும் இந்திய ஏற்பாடும் இங்கே செல்லாது. சென்னையிலிருந்து வரும் ஆலோசனை மொழியால் நெருக்கமாகத் தோன்றினாலும் சட்டத்தால் அயல்நாட்டுடையது.

தனிநபராக நின்றால்

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், 2025இல் செய்யப்பட்ட திருத்தத்தோடு, 2025 ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கும் மதிப்பீட்டாண்டிலிருந்து வதிவுள்ள தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாயைத் தனிநபர் நிவாரணமாக, அதாவது வரிக்கு உட்படாத தொகையாக, ஒதுக்குகிறது. அதற்கு மேற்பட்டதில் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதமும், அடுத்து வரும் ஒவ்வோர் 5 இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 சதவீதமும், எஞ்சியதற்கு 36 சதவீதமும் அறவிடப்படும். 36 என்ற எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் ‘மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுமே’ என்று அஞ்சிக் கம்பனியை நாடுவோர் கவனிக்கத் தவறுவது, அந்த வீதம் முழு வருமானத்துக்கும் உரியதல்ல, 43 இலட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே உரியது என்பதைத்தான்.

வரி விதிக்கப்படுவது வரவின் மீதன்று, இலாபத்தின் மீதாகும். மூன்று கோடி ரூபாய்க்குப் பாடசாலைக் கட்டடம் ஒன்றை முடித்துக் கொடுத்தவரின் வருமானம் மூன்று கோடி அல்ல. சீமெந்து, கம்பி, மணல், கூலி, டீசல், வங்கி வட்டி, பிணைக்கான தரகு எல்லாம் கழிந்து எஞ்சுவதே அவரது வருமானம். அவ்வாறு எஞ்சிய இலாபம் 50 இலட்சம் என்று கொண்டால், நிவாரணம் நீங்கலாக 32 இலட்சத்துக்கு வரி கணிக்கப்படும். முதல் 25 இலட்சத்துக்குரிய நான்கு படிகளிலும் சேர்ந்து வரும் வரி 4 இலட்சத்து 20 ஆயிரம். மிகுதி 7 இலட்சத்துக்கு 36 சதவீதப்படி 2 இலட்சத்து 52 ஆயிரம். மொத்தம் 6 இலட்சத்து 72 ஆயிரம் ரூபாய். இது முழு இலாபத்தில் பதின்மூன்றரைச் சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கு நேராக வருவதற்குச் செலவு எழுத்தில் இருக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடைப் பற்றுச்சீட்டுகளை ஒப்பந்தகாரர் பெரும்பாலும் பத்திரப்படுத்துகிறார். தவறவிடுவது கூலியையும் மணலையும்தான். வியாழக்கிழமை மாலை வேலைத்தளத்தில் கையில் எண்ணிக் கொடுக்கப்படும் கூலிக்கு, வேலையாளின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வேலை செய்த நாட்கள், நாட்கூலி, மொத்தத் தொகை, கையொப்பம் ஆகிய ஆறு நிரல்கள் கொண்ட ஒரு தாள் போதுமானது. அந்தத் தாள் இல்லாததால் 3 இலட்சம் ரூபாய்க் கூலியைச் செலவாக நிறுவ முடியாமற்போனால், உயர்ந்த படியில் நிற்பவர் 1 இலட்சத்து 8 ஆயிரம் ரூபாயை வரியாக மேலதிகமாகச் செலுத்துகிறார். எந்த உருவத்தைத் தெரிந்தாலும் இந்த இழப்பை அந்த உருவம் ஈடுசெய்யாது.

இயந்திரங்களுக்கு மூலதனக் கொடுப்பனவு உண்டு. அதாவது வாங்கிய விலையை ஒரே ஆண்டில் செலவாகக் கழிக்காமல் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கழிக்கலாம். கட்டுமான, மண்வெட்டு இயந்திரங்களுக்கும் பொருள் ஏற்றும் வாகனங்களுக்கும் இக்காலம் 5 ஆண்டுகள். ஒரு கோடி ரூபாய்க்கு வாங்கிய பெக்கோ இயந்திரம் ஆண்டுக்கு 20 இலட்சம் வீதம் இலாபத்திலிருந்து கழியும். ஆனால் இயந்திரம் யாருடைய உடைமையோ அவருக்கே இக்கழிவு உரியது. தொழிலைக் கம்பனியின் பெயரில் நடத்திக்கொண்டு பெக்கோவைத் தம்பியின் பெயரில் வாங்கிவைப்பவர் கழிவை இழக்கிறார்.

கம்பனியாக நின்றால்

அதே 50 இலட்சம் இலாபத்தைக் கம்பனி ஈட்டினால் முதலாவது ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதாவது 15 இலட்சம், வருமான வரியாகிறது; தனிநபர் நிவாரணம் கம்பனிக்கு இல்லை. எஞ்சிய 35 இலட்சத்தை உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு எடுக்க விரும்பினால் அது பங்கிலாபமாக, அதாவது பங்குக்குரிய இலாபப் பகிர்வாக, வெளியேற வேண்டும். அப்போது 15 சதவீத முற்பண வருமான வரி பிடிக்கப்பட்டு மேலும் 5 இலட்சத்து 25 ஆயிரம் போகும். இரண்டும் சேர்ந்து 20 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாய். தனி வியாபாரியாக நின்றவர் செலுத்திய 6 இலட்சத்து 72 ஆயிரத்தோடு இதனை ஒப்பிட்டால் ‘கம்பனி பதிந்தால் வரி குறையும்’ என்ற வாக்கு மும்மடங்குப் பிழையாகிவிடுகிறது.

பங்கிலாபமே எடுக்காமல் பணத்தைக் கம்பனிக்குள் விட்டுவைத்தாலும் நிலை பெரிதாக மாறுவதில்லை. கம்பனியின் 30 சதவீதமும் தனிநபரின் படிமுறை வரியும் சமமாகும் புள்ளி, ஆண்டு இலாபம் 1 கோடியே 88 இலட்சம் ரூபாயாக இருக்கும் இடமாகும்; அதற்குக் கீழே தனி வியாபாரியின் வரியே குறைவு. இலாபம் முழுவதையும் வெளியே எடுப்பவருக்கோ அப்படியொரு புள்ளியே கிடையாது. 30 சதவீதமும், எஞ்சிய 70இல் 15 சதவீதமும் சேர்ந்தால் 40.5 சதவீதம், தனிநபரின் ஆக உயர்ந்த படியே 36 தான்.

கணக்காளர்கள் இவ்விடத்தில் ஒரு மாற்றுவழியைச் சொல்வார்கள், அது நியாயமான வழியுமாகும். உரிமையாளர் பணிப்பாளராக இருந்து கம்பனியிலிருந்து சம்பளம் பெற்றால் அது கம்பனிக்குச் செலவு. பெறுபவருக்கு 18 இலட்சம் நிவாரணமும் படிமுறை வீதமும் கிடைக்கும். 1 கோடி ரூபாய் இலாபத்தில் 43 இலட்சத்தைச் சம்பளமாக எடுத்து மிகுதி 57 இலட்சத்தைக் கம்பனியில் விட்டால், சம்பளத்தின் மீது 4 இலட்சத்து 20 ஆயிரமும் கம்பனியின் மீது 17 இலட்சத்து 10 ஆயிரமுமாக மொத்த வரி 21 இலட்சத்து 30 ஆயிரம்; தனி வியாபாரியாயின் இது 24 இலட்சத்து 72 ஆயிரமாக இருந்திருக்கும். 3 இலட்சத்து 42 ஆயிரம் மிச்சம். ஆனால் அந்த மிச்சத்திலிருந்தே கணக்காய்வாளரின் கட்டணம், கம்பனிச் செயலாளரின் கட்டணம், ஆண்டறிக்கைச் செலவு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தொழில்கொள்நர் பங்காக 12 சதவீதமும் ஊழியர் பங்காக 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டியிருக்கும். அது உரிமையாளரின் சொந்தச் சேமிப்பே என்றாலும், அடுத்த வேலைக்குச் சீமெந்து வாங்கக் கைகொடுக்காத சேமிப்பு. பின்னர் ஒரு நாள் உள்ளே விட்ட 39 இலட்சத்து 90 ஆயிரத்தையும் பங்கிலாபமாக எடுத்தால் மேலும் 5 இலட்சத்து 98 ஆயிரத்து 500 ரூபாய் வரி சேர்ந்து, கணக்கு தனி வியாபாரத்தைவிட மேலே போய்விடும். எனவே கம்பனி கொடுப்பது வரிக் குறைப்பன்று, வரித் தள்ளிவைப்பு. இலாபத்தைத் தொடர்ந்து இயந்திரமாகவும் அடுத்த வேலைக்கான முதலாகவும் மாற்றிக்கொண்டிருப்பவருக்கு அது பயன்படும். மகளின் திருமணத்துக்கும் வீட்டு மேல்மாடிக்கும் பணத்தை எதிர்பார்ப்பவருக்குப் பயன்படாது.

கம்பனியின் வங்கிக் கணக்கைச் சட்டைப்பை போலப் பாவித்து, பின்னர் ‘பணிப்பாளருக்குக் கொடுத்த கடன்’ என்று எழுதிவைப்பது இப்பகுதியில் மிகவும் காணப்படும் பழக்கம். பணிப்பாளர்களுக்குக் கடன் கொடுப்பதைக் கம்பனிகள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. திருப்பிச் செலுத்தும் எண்ணமே இல்லாத கடனை வரி அதிகாரி இலாபப் பகிர்வாகக் கருதவும் இடமுண்டு. கம்பனியின் நட்டமும் கம்பனிக்குள்ளேயே அடைபட்டிருக்கும்; ஒரு வேலையில் கை சுட்டுக்கொண்டவர் அந்த நட்டத்தைத் தமது கடை வாடகை வருமானத்துக்கு எதிராகக் கழிக்க முடியாது. மேலும் கம்பனி, பணம் கைக்கு வந்த நாளை அல்ல, பெறும் உரிமை உண்டான நாளை வைத்தே வரவைக் கணக்கிட வேண்டும். 2022இன் நெருக்கடிக் காலத்தில் அரச வேலைகளின் பில்கள் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்ததைக் கண்ட ஒப்பந்தகாரர்களுக்கு, கையில் வராத பணத்துக்கு வரி கட்டுவது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பங்குடைமை

இம்மூன்றிலும் இக்கரையோரத்து வழக்கத்துக்கு மிகவும் நெருக்கமானதும், மிகவும் கவனக்குறைவாகக் கையாளப்படுவதும் பங்குடைமையே. நிந்தவூரில் சகோதரர் இருவர் உண்மையாகவே கூடி உழைத்து ஆண்டுக்கு 80 இலட்சம் இலாபம் ஈட்டுவதாக வைத்துக்கொண்டால், பங்குடைமை என்ற நிலையில் முதல் 10 இலட்சம் நீங்கலாக எஞ்சிய 70 இலட்சத்துக்கு 6 சதவீதம், அதாவது 4 இலட்சத்து 20 ஆயிரம், செலுத்தப்படும். இது முடிந்த வரியன்று. பங்காளிகள் ஒவ்வொருவரும் தத்தம் பங்கான 40 இலட்சத்தைச் சொந்த வரி அறிக்கையில் காட்டி, பங்குடைமை செலுத்தியதில் தமக்குரிய 2 இலட்சத்து 10 ஆயிரத்தை வரவாகக் கழித்துக்கொள்வர். 40 இலட்சத்துக்குரிய தனிநபர் வரி 3 இலட்சத்து 30 ஆயிரம் என்பதால், கையிலிருந்து மேலும் கட்டவேண்டியது ஆளுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரமே. இருவருக்கும் மொத்தம் 6 இலட்சத்து 60 ஆயிரம். இதே 80 இலட்சத்தை மூத்தவர் மட்டும் தம் பெயரில் காட்டியிருந்தால் வரி 17 இலட்சத்து 52 ஆயிரம். இரண்டு நிவாரணங்களும் இரண்டு படிவரிசைகளும் கிடைப்பதே இந்த வேறுபாட்டின் காரணம்.

பல குடும்பங்களில் நடப்பதோ வேறு. தொழில் மூத்தவர் பெயரில் பதியப்பட்டிருக்கும். தம்பியும் மைத்துனரும் வேலைத்தளத்தில் நிற்பார்கள். இலாபம் நோன்புப் பெருநாளுக்கு முன் வாய்ப்பேச்சில் பங்கிடப்படும். சட்டம் இதனை ஏற்பதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, முதல் ஆயிரம் ரூபாயை விஞ்சும் பங்குடைமை எழுத்தில் கையொப்பமிடப்பட்டிருந்தாலன்றி நீதிமன்றத்தில் நிலைநிறுத்த முடியாது. ஆயிரம் ரூபாய் அன்று பெரும் முதல். இன்று இரண்டு மூடை சீமெந்துக்கும் காணாது, ஆனால் எல்லை மாற்றப்படவில்லை. ஆகவே எழுதப்படாத பங்காளி குடும்பத்துக்குள் பங்காளி, வரிக்கோப்பில் வெறும் வேலையாள், வழக்கில் யாருமில்லை.

முதலீட்டாளர் ஒருவர் பணத்தையும் மற்றவர் உழைப்பையும் இட்டு இலாபத்தைப் பங்கிடும் முழாரபா முறை, வட்டியைத் தவிர்க்க விரும்புவோரிடையே இங்கு நன்கு அறியப்பட்டது. மார்க்கத்தின்படி நட்டம் முதலிட்டவரின் பணத்தோடு நின்றுவிடும். நாட்டுச் சட்டத்திலோ, இலாபத்தில் பங்கு பெறுவது பங்குடைமைக்கு முதற்தோற்றச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாறு பங்காளியெனத் தீர்மானிக்கப்பட்டால், தொழிலின் கடனுக்கு அவரும் தமது எல்லாச் சொத்தோடும் பொறுப்பாவார். சவூதியிலோ கட்டாரிலோ உழைத்த பணத்தை நம்பிக்கையின் பேரில் கொடுத்து வைத்தவருக்கு இது எதிர்பாராத சுமை. எனவே ஒப்பந்தத்தை எழுதும்போது ஆலிமிடமும் சட்டத்தரணியிடமும் தனித்தனியே கேட்டு, இருவரும் ஏற்கும் வாசகத்தை அமைப்பது அவசியம். இங்கே ஸகாத் பற்றிய ஒரு குறிப்பும் பொருந்தும்: ஏழைகளுக்கு நேரில் கொடுக்கும் ஸகாத் வரிக் கழிவாகாது, அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குச் செய்யும் நன்கொடைக்கே, அதுவும் தனிநபருக்கு ஆண்டில் 75 ஆயிரம் ரூபாய் அல்லது வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒன்று, இரண்டில் குறைந்த தொகை வரையே, கழிவு உண்டு.

வரியைக் குறைப்பதற்காக மட்டும் மனைவியின் பெயரையோ படித்துக்கொண்டிருக்கும் மகனின் பெயரையோ பங்காளியாக எழுதுவது வேறு விடயம். உறவினரிடையே வருமானத்தைப் பிரித்துக் காட்டும் ஏற்பாட்டைப் புறந்தள்ளி, உண்மையில் ஈட்டியவரிடமே முழு வரியையும் அறவிட ஆணையாளர் நாயகத்துக்கு அதிகாரம் உண்டு. மனைவி உண்மையாகவே கணக்கு எழுதி, காசோலைகளில் கையொப்பமிட்டு, விலைமனுக்களைத் தயாரிப்பவராயின் அவர் பங்காளியாவதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் அவரது பங்கு அவரது வங்கிக் கணக்குக்கே போக வேண்டும்.

வரிக்கு அப்பாலுள்ள காரணங்கள்

வரிக் கணக்கு பெரும்பாலோரைத் தனி வியாபாரத்திலோ பங்குடைமையிலோ நிறுத்தினாலும், கம்பனியை வேண்டி நிற்கும் காரணங்கள் வேறு உண்டு. அவற்றுள் முதன்மையானது பொறுப்பு. தனி வியாபாரியின் வீடும் வளவும் தொழிலின் கடனுக்கு உட்பட்டவை. கம்பனியின் பங்காளர் தாம் இட்ட முதலை மட்டுமே இழப்பார் என்பது சட்டம். ஆனால் வங்கி கடன் கொடுக்கும்போது பணிப்பாளரின் தனிப்பட்ட உத்தரவாதத்தைக் கேட்கும் என்பது நடைமுறை. ஆகையால் இந்தப் பாதுகாப்பு, வங்கிக்கு எதிராக அன்றி, விபத்து நட்டஈடு, பொருள் கொடுத்தவரின் கடன், கட்டடக் குறைபாட்டு வழக்கு ஆகியவற்றுக்கு எதிராகவே பயன்படுகிறது.

இரண்டாவது காரணம் மரணம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னான மீள்கட்டுமானக் காலத்தில் தொழில் தொடங்கிய தலைமுறைக்கு இன்று வயதாகிவிட்டதால் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. தனி வியாபாரி இறந்தால் தொழிலும் அவரோடு முடிகிறது. பாதியில் நிற்கும் வேலையும், பெறவேண்டிய ரிட்டென்ஷன் பணமும், அதாவது குறைபாட்டுக் காலம் முடியும்வரை பில்லில் பிடித்துவைக்கப்பட்ட தொகையும், இயந்திரங்களும், அவர் முஸ்லிமாயின் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியே, இறந்தவர் சார்ந்திருந்த மத்ஹபின்படி, அதாவது மார்க்கச் சட்டப் பிரிவின்படி, வாரிசுகளுக்குப் பிரியும். பங்குடைமையும், எழுத்தில் மாறாக உடன்பட்டிருந்தாலன்றி, பங்காளி ஒருவரின் மரணத்தோடு கலைகிறது. கம்பனியில் பிரிவது பங்குகள் மட்டுமே. பெக்கோவை எட்டாகப் பிரிக்க வேண்டியதில்லை, வேலையும் நிற்பதில்லை.

மூன்றாவது விலைமனு. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை, ஒப்பந்தகாரர்களை சி9 போன்ற தொடக்கத் தரங்களிலிருந்து மேல்நோக்கித் தரப்படுத்துகிறது. தரம் உயர உயர ஏற்கக்கூடிய வேலையின் பெறுமதியும் உயரும். தரமளிப்பு பதிவுசெய்துகொண்ட அமைப்பின் பெயருக்கே உரியது என்பதால், கம்பனிக்கு மாறும் முன் பழைய பெயரில் செய்த வேலைகளின் அனுபவம் எவ்வாறு கணக்கிடப்படும் என்பதை அதிகார சபையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 50 இலட்சம் ரூபாயை விஞ்சும் அரச விலைமனுக்களுக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழான பதிவும் வேண்டும்; அந்தச் சான்றிதழில் உள்ள பெயரும் விலைமனுவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெறுமதி சேர் வரி இந்தத் தெரிவில் குறுக்கிடுவதில்லை. 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான அவ்வரிக்குப் பதிய வேண்டிய எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் வரவு என வைக்கப்பட்டது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 2026 ஏப்ரலிலிருந்து 3 கோடியே 60 இலட்சமாக இறக்க முன்மொழிந்தது. எல்லை இலாபத்தின் மீதன்றி வரவின் மீதானது என்பதால், இலாபம் மெலிந்த கட்டட ஒப்பந்தகாரர் எதிர்பாராமலே அதனைத் தொட்டுவிடுவார். எந்த உருவில் நின்றாலும் நிலை இதுவே.

வெளிநாட்டுக்கு வேலை செய்பவர்

வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள், வரைபடம், அளவுப் பட்டியல் செய்து கொடுத்து, பணத்தை வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே நாட்டுக்குள் பெறுபவரின் வருமானம் முன்னர் விலக்களிக்கப்பட்டிருந்தது. 2025 ஏப்ரல் முதல் அது வரிக்கு உட்பட்டாலும், வீதம் 15 சதவீதத்தைத் தாண்டாது. இவர் கம்பனி பதிந்தால் கம்பனிக்கும் அதே 15 சதவீதம்தான். ஆனால் பணத்தை வெளியே எடுக்கும்போது பங்கிலாப வரி அதன்மேல் ஏறும். ஆகவே இவர் தனிநபராகவே இருப்பது நல்லது என்பதில் ஐயமில்லை. உள்நாட்டு வாடிக்கையாளருக்கும் வேலை செய்தால், மாதம் ஓர் இலட்சம் ரூபாயை விஞ்சும் கட்டணத்தில் 5 சதவீதம் நிறுத்திவைத்தல் வரியாகப் பிடிக்கப்படும். மென்பொருள் உருவாக்குநர், பொறியியலாளர், கணக்காளர் போன்ற தனிநபர்களுக்குரிய இந்தப் பிடிப்பு மேலதிக வரியன்று, முன்கூட்டியே எடுக்கப்பட்ட வரி. சான்றிதழைக் கேட்டு வாங்கி ஆண்டிறுதியில் கழித்துக்கொள்ள வேண்டும். வாங்காதவர் அத்தொகையை நன்கொடையாக விட்டதற்குச் சமம்.

மாறுவதாயின்

மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கி மார்ச் 31ஆம் திகதி முடிகிறது. வரி ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் நான்கு தவணைகளாகவும், மிகுதி செப்டெம்பர் 30ஆம் திகதிக்குள்ளும் செலுத்தப்பட்டு, அறிக்கை நவம்பர் 30ஆம் திகதிக்குள் சமர்ப்பிக்கப்பட வேண்டும். உருவத்தை மாற்ற விரும்புபவர் கையிலுள்ள வேலைகளைப் பழைய பெயரிலேயே முடித்து, புதிய வேலைகளை ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்து புதிய பெயரில் எடுப்பதே சிக்கல் குறைந்த வழி. நடுவில் மாறினால், பில் ஒரு பெயரிலும் காசோலை இன்னொரு பெயரிலும் வந்து இரண்டு கணக்குகளும் கலங்கும். கம்பனி தொடங்கியதோடு உரிமையாளரின் சொந்த வரிக்கோப்பு மூடப்படுவதுமில்லை. அவ்வாண்டிலிருந்து நவம்பர் 30ஆம் திகதிக்குள் அவர் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டிய அறிக்கைகள் இரண்டு.